மெட்டல் இருக்கிறது, மெட்டு எங்கே?

“தம்பி, நல்லாத்தான் வாசிச்சீங்க. ஆனா அவரோட விசில் எந்த இடத்துல வந்துச்சு?”

மூன்று ஆண்டுகளுக்கு முன் கல்லூரிக் கலை இரவு முடிந்து, கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது என் நண்பனின் அம்மா கேட்ட கேள்வி இது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்ற நண்பனும் வாய் திறக்கவில்லை. அன்று இரவு ஜுருவுக்கு ஒரே காரில்தான் திரும்பினோம். வழி நெடுக யாரும் பேசவில்லை. மறுவாரம் அவன் எங்கள் இசைக்குழுவை விட்டு விலகிவிட்டான்.

நண்பனின் அப்பா லாரி ஓட்டுநர். பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடியவர். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, கேட்டைத் திறப்பதற்கு முன் விசிலில் ஒரு சின்ன மெட்டை அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடி வந்து கேட்டைத் திறப்பார்கள். நண்பன் கல்லூரியில் சேர்ந்த முதல் பருவத்திலேயே அவர் மாரடைப்பால் இறந்துபோனார். அந்த விசிலை வைத்து நண்பன் ஒரு பாட்டு எழுதினான். குழுவில் லீட் கிட்டார் வாசித்த நான்தான் அதற்கு ‘இசை ஏற்பாடு’ செய்தேன்.

அப்போது எனக்குப் புரோகிரசிவ் மெட்டல் பைத்தியம். நண்பன் பாடிக்காட்டியதைக் கேட்டதும், “நீ தாளம் தப்புற” என்றேன். மெட்டை நான்கு எண்ணிக்கைக்குள் நேராக்கினேன். நேரான மெட்டு எனக்கே சப்பென்று இருந்ததால், அதை வெட்டிப் பதின்மூன்று எண்ணிக்கையில் ஒரு ரிஃப்பாக மாற்றினேன். நடுவில் இரண்டு நிமிடத்துக்கு என் சோலோ. கலை இரவில் நடுவர் ஒருவர், “விரல் வேகம் அபாரம்” என்றார். பரிசு கிடைக்கவில்லை. அது போகட்டும். கணவரின் விசிலை இருபது ஆண்டுகள் கேட்ட ஒரு பெண், அவருக்காகவே எழுதிய பாட்டில் அதை அடையாளம் காண முடியாமல் போனதுதான் எனக்கு உறுத்தியது.

கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு, மிருதங்கம், உறுமி என்று ஏதோ ஒன்றைக் கையில் எடுத்திருக்கும் மாணவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கைத்திறமை பெரிதா, பாட்டு பெரிதா?

புரோகிரசிவ் மெட்டல் என்பது என்ன?

ஹெவி மெட்டலின் கனமான கிட்டார் ஒலியோடு, 1970-களின் புரோகிரசிவ் ராக் இசையில் இருந்த நீண்ட அமைப்பு, மாறிக்கொண்டே இருக்கும் தாளம், கதை சொல்லும் ஆல்பம் ஆகியவற்றைச் சேர்த்தால் கிடைப்பது புரோகிரசிவ் மெட்டல். பாட்டுகள் பத்து நிமிடத்தையும் தாண்டும். வானொலியில் கேட்கும் பெரும்பாலான பாட்டுகள் நான்கு எண்ணிக்கையில் நடக்கும். இங்கே ஐந்து, ஏழு, ஒன்பது என்று மாறும்.

கர்நாடக இசை படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மூன்று திஸ்ரம், நான்கு சதுஸ்ரம், ஐந்து கண்டம், ஏழு மிஸ்ரம், ஒன்பது சங்கீர்ணம். மேல்நாட்டு டிரம்மர் தலையைப் பிய்த்துக்கொண்டு எண்ணும் ஏழை, நம் மிருதங்க மாணவன் “தகிட தகதிமி” என்று வாயாலேயே சொல்லிவிடுவான்.

சுவீடன் நாட்டுக் குழுவான மெஷுகாவின் பாட்டுகளில் டிரம்ஸின் சிம்பல் நேரான நான்கில் போகும். கிட்டார் அதன்மேல் வேறு நீளத்தில் சுற்றிச் சுற்றி வரும். கணக்கு எளிது. ஐந்து எண்ணிக்கை கொண்ட ஒரு சொற்கட்டை எட்டு எண்ணிக்கைத் தாளத்தின் மேல் திரும்பத் திரும்ப வாசித்தால், இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் சேர்வது நாற்பதாவது எண்ணிக்கைக்குப் பிறகுதான். கணிதத்தில் படித்த மீச்சிறு பொது மடங்குதான் இது. விலகிப்போன இரண்டும் திரும்பி வந்து சேரும் அந்தக் கணத்தில் கேட்பவருக்கு ஒரு சிலிர்ப்பு வரும். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் கோர்வை வந்து சமத்தில் விழும்போது கைதட்டல் எழுவதும் இதனால்தான்.

நுட்பம் என்பது வெறும் ஜம்பம் இல்லை. ஒரு எதிர்பார்ப்பைக் கட்டி எழுப்பவும், அதை இழுத்துப் பிடிக்கவும், சரியான நேரத்தில் தீர்த்து வைக்கவும் அது உதவுகிறது. கட்டுவதற்கு ஒன்றுமே இல்லாதபோதுதான் அது ஜம்பமாகிறது.

ஒரே ஆல்பத்தில் இரண்டு முகம்

இந்த விவாதத்தில் முதலில் அடிபடும் பெயர் டிரீம் தியேட்டர். 1985இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெர்க்லீ இசைக் கல்லூரியில் சந்தித்த ஜான் பெட்ரூச்சி, ஜான் மியுங், மைக் போர்ட்னாய் என்ற மூன்று மாணவர்கள் தொடங்கிய குழு. 1992இல் வந்த ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ ஆல்பம் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

பிறகு ஒரு நெருக்கடி வந்தது. 1997இல் வெளிவந்த ‘ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி’ ஆல்பத்துக்காக, வானொலிக்கு ஏற்றபடி பாட்டுகளை எளிமையாக்கச் சொன்னது பதிவு நிறுவனம். ஒரு பாட்டைத் திருத்தி எழுத டெஸ்மண்ட் சைல்ட் என்ற புகழ்பெற்ற பாடலாசிரியரும் வரவழைக்கப்பட்டார். ஆல்பம் நிறுவனம் நினைத்தபடி ஓடவில்லை. குழுவினருக்கும் மனநிறைவு இல்லை. வெளியிலிருந்து ‘எளிமையாக்கு’ என்று கட்டளை போட்டால் நல்ல பாட்டு பிறந்துவிடாது என்பதற்கு இது உதாரணம்.

அடுத்த ஆல்பத்தை அவர்கள் தம் விருப்பப்படியே செய்தார்கள். 1999இல் வெளிவந்த அதன் பெயர் ‘சீன்ஸ் ஃபிரம் எ மெமரி’. நிக்கோலஸ் என்ற இளைஞன் மனோவசியத்தின் மூலம் தன் முற்பிறவிக்குப் போகிறான். 1928இல் கொலையான விக்டோரியா என்ற பெண்ணாகத் தான் வாழ்ந்ததை அறிகிறான். ஆல்பம் முழுவதும் இந்த ஒரே கதைதான்.

அதில் ‘தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி’ என்ற ஆறு நிமிட வாத்தியப் பகுதி இருக்கிறது. அந்த ஆறு நிமிடத்தில் தாளக்கட்டு நூறு முறைக்கு மேல் மாறுகிறது. உலகெங்கும் இளம் கலைஞர்கள் இன்றும் அதை வாசித்துக் காணொளி போடுகிறார்கள். நானும் எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன்.

அதே ஆல்பத்தில், அதற்கு இரண்டு தடம் தள்ளி ‘தி ஸ்பிரிட் கேரீஸ் ஆன்’ வருகிறது. மெதுவான பாட்டு, எளிமையான கார்டுகள். மரணத்துக்குப் பின்னும் ஏதோ ஒன்று தொடர்கிறது என்ற நம்பிக்கைதான் பொருள். நிகழ்ச்சிகளில் ரசிகர்கள் கைப்பேசி விளக்கை உயர்த்திக் கூடவே பாடுவது இதைத்தான்.

நான் முதலாவதைப் பயிற்சி செய்துகொண்டிருந்த அதே மாதங்களில் என் நண்பன் இரண்டாவதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அப்பா அப்போதுதான் இறந்திருந்தார். ஏன் அவன் அதையே கேட்கிறான் என்று ஒருநாள்கூட நான் யோசிக்கவில்லை.

இதை வைத்து ‘எளிய பாட்டு நல்லது, கடினமானது கெட்டது’ என்று முடிவு கட்டக் கூடாது. ஆல்பத்தை முதலிலிருந்து கேட்டுப் பாருங்கள். தாளம் தறிகெட்டு ஓடும் அந்த ஆறு நிமிடத்தைத் தாண்டி வருவதால்தான், பின்னால் வரும் மெதுவான பாட்டில் நமக்கு மூச்சு திரும்புகிறது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் மற்றது குறைந்துபோகும்.

நம் வீட்டு வழக்குதான்

இந்தச் சண்டை மேல்நாட்டில் பிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1985இல் கே. பாலசந்தர் இயக்கத்தில் வந்த ‘சிந்து பைரவி’ படத்தை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். சிவகுமார் ஏற்ற ஜே.கே.பி. பாத்திரம் பெரிய வித்துவான். தெலுங்குக் கீர்த்தனைகளையே பாடும் அவரிடம், மக்களுக்குப் புரியும்படி தமிழிலும் பாடக்கூடாதா என்று சபையிலேயே கேட்கிறாள் சிந்து. பாடிக்காட்டும்படி அவளுக்குச் சவால் வருகிறது. அப்போது அவள் பாடுவதுதான் ‘பாடறியேன்’. நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கும் அந்தப் பாட்டு, கடைசியில் தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் போய்ச் சேரும். இரண்டுக்கும் சாரமதி ராகம் பொதுவாக அமைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பாடிய சித்ராவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

அதே படத்தில் ‘கலைவாணியே’ என்ற பாட்டை இளையராஜா ஆரோகண சுரங்களை மட்டும் வைத்து அமைத்தார். சுரங்கள் ஏறிக்கொண்டே போகும். அவரோகணமாக இறங்கி வராது. இது சாதாரணக் கட்டுப்பாடு அல்ல. ஆனாலும் பாட்டைக் கேட்கும் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு இந்த விஷயம் தெரியாது. தெரியாமலே அவர்கள் உருகுகிறார்கள். தெரிந்தவர்களுக்கு வியப்பும் சேர்கிறது. நுட்பம் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

தியாகராஜர் கீர்த்தனைகளில் வரும் சங்கதிகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரே வரிதான் திரும்ப வரும், சொல் மாறாது. ஒவ்வொரு முறையும் மெட்டு ஒரு படி வளரும். முதல் சங்கதி எளிமையாக இருப்பதால்தான் ஐந்தாவது சங்கதியின் நுட்பம் நமக்குப் புரிகிறது. நான் நண்பனின் பாட்டில் முதல் சங்கதியையே வைக்காமல் நேராக ஐந்தாவதுக்குத் தாவிவிட்டேன். அவன் அம்மாவுக்கு எப்படி விசில் கேட்கும்?

குறிலும் நெடிலும் சொல்லும் கணக்கு

கணக்கும் உணர்ச்சியும் சேர முடியும் என்பதற்கு அமெரிக்கக் குழுவான டூல் ஒரு சான்று. 2001இல் வந்த ‘லேட்டரலஸ்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில், பாடகர் உச்சரிக்கும் அசைகள் 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறி, பிறகு இறங்குகின்றன. முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும் இந்த வரிசைதான் பிபோனாச்சி எண்கள். தாளமும் 9, 8, 7 என்று நடக்கிறது. 987 என்பது அதே வரிசையின் பதினாறாவது எண்.

இந்த வரிசை 1202இல் பிபோனாச்சி எழுதிய நூலால் ஐரோப்பாவில் பரவியது. அதற்கு முன்பே, 12-ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் ஹேமச்சந்திரர் யாப்புக் கணக்காக இதை விளக்கியிருந்தார். நாமே செய்து பார்க்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரை நீளமுள்ள இடத்தைக் குறிலாலும் நெடிலாலும் எத்தனை விதமாக நிரப்பலாம்? ஐந்து விதம். ஐந்து மாத்திரைக்கு எட்டு விதம். ஆறு மாத்திரைக்குப் பதின்மூன்று விதம். தமிழ் இலக்கண வகுப்பில் படிக்கும் மாத்திரைக்குள்ளேயே டூல் பாட்டின் கணக்கு இருக்கிறது.

ஆனால் அந்தப் பாட்டு நிற்பது இந்தக் கணக்கால் மட்டும் அல்ல. சுருள் சுருளாக விரிந்து தன் எல்லையைத் தாண்டிப் போவதுதான் பாட்டின் பொருள். விரியும் எண் வரிசை அந்தப் பொருளுக்குப் பொருந்துகிறது. இன்னொரு வேடிக்கை: எதையும் அளவுக்கு மீறி ஆராய்ந்துகொண்டே இருந்தால் உணர்வு செத்துவிடும் என்றும் அதே பாட்டு எச்சரிக்கிறது.

என் பதின்மூன்று எண்ணிக்கைக்கும் நண்பனின் அப்பாவுக்கும் என்ன தொடர்பு? ஒன்றும் இல்லை. பதின்மூன்று கடினமானது என்பதால் மட்டுமே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

சிங்கப்பூர், பெங்களூரு, பினாங்கு

நம்மவர்கள் இந்த இசையில் என்ன செய்திருக்கிறார்கள் என்றும் பார்ப்போம். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா குழு, தன் இசையை ‘வேத மெட்டல்’ என்று அழைக்கிறது. பேஸ் கிட்டார் வாசித்துப் பாடும் கதிர் அதன் முகம். 2005, 2009, 2011 ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்ற பெயரில் மூன்று ஆல்பங்கள் கொண்ட வரிசையை வெளியிட்டார்கள். காதைக் கிழிக்கும் டெத் மெட்டல்தான். ஆனால் வேதாந்தக் கருத்து ஒன்று மூன்று ஆல்பங்களையும் இணைக்கிறது. எதைச் சொல்கிறோம் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை.

பெங்களூரின் அகம் குழு கர்நாடக இசையையும் புரோகிரசிவ் ராக்கையும் இணைக்கிறது. ஏ.ஆர். ரகுமான் நடுவராக இருந்த சன் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வெளிச்சத்துக்கு வந்த குழு இது. 2012இல் வந்த முதல் ஆல்பத்தில், 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவாதித் திருநாள் மகாராஜாவின் தனஸ்ரீ தில்லானாவை எடுத்தாண்டார்கள். ஹரிஷ் சிவராமகிருஷ்ணனின் குரலுக்குக் கீழே கிட்டாரும் டிரம்ஸும் பாய்ந்து ஓடும். எவ்வளவு ஓடினாலும் தில்லானாவின் மெட்டு தொலைந்து போவதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பாடி உறுதியான எலும்புக்கூடு அது.

இந்தப் பக்கம் திரும்பினால் நம் பினாங்கின் அல்லிகேட்ஸ். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் மலாய்ப் பாட்டுகளால் நாடு முழுவதையும் கவர்ந்தார்கள். மெட்டலுக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. ஏழு எண்ணிக்கை வித்தையும் இல்லை. லோகநாதன் 2007இல் மறைந்தார். இன்றும் திருமண விருந்தில் அவர் குரல் ஒலித்தால் எல்லா இனத்தவரும் கூடவே முணுமுணுக்கிறார்கள். என் கல்லூரிச் சோலோவை முணுமுணுப்பவர் ஒருவரும் இல்லை, நானே மறந்துவிட்டேன்.

மீண்டும் அந்த விசில்

நண்பன் விலகி ஏழு மாதம் கழித்து, கலை இரவு ஒலிப்பதிவைத் தனியாக உட்கார்ந்து கேட்டேன். மூன்று முறை கேட்டும் எனக்கே அந்த மெட்டு அகப்படவில்லை. அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வந்தவன் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அம்மாதான், “வாங்க தம்பி, சாப்பிட்டுட்டுப் பேசலாம்” என்று உள்ளே அழைத்தார்.

சாப்பிட்ட பிறகு நண்பனின் தங்கை தன் கைப்பேசியில் ஒரு பழைய காணொளியைக் காட்டினாள். அவளுடைய பிறந்தநாள். கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால், கேட்டுக்கு வெளியிலிருந்து அந்த விசில் கேட்கிறது.

கை தன்னால் தொடையில் தாளம் போட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு சின்ன மூச்சு, பிறகு நான்கு. தகிட, தகதிமி. ஏழு!

நண்பன் தாளம் தப்பவே இல்லை. அவன் அப்பா விசிலடித்தது மிஸ்ரத்தில்தான். அவர் எந்தக் குருவிடமும் படித்தவர் அல்ல. மூச்சு வாங்கும் இடத்தில் மெட்டு வளைந்திருக்கிறது. நண்பன் அதை அப்படியே பாடினான். நான்தான் அவனைத் ‘திருத்தினேன்’. ஒற்றைப்படைத் தாளத்துக்காக உலகமெல்லாம் தேடி அலைந்தவன், கண்ணெதிரே வந்ததைத் தவறு என்று சொல்லியிருக்கிறேன்.

“நீ அன்னிக்குச் சரியாத்தான்டா பாடுன,” என்றேன். “தெரியும்டா,” என்றான். அவ்வளவுதான்.

அப்பாவின் வருட நினைவு நாளில் வீட்டிலேயே அந்தப் பாட்டை வாசித்தோம். ஒரே ஒரு கிட்டார். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குக் காவடிகளோடு போகும் உறுமி மேளக் குழுவில் நண்பன் வாசிப்பவன். அந்த உறுமியை மெதுவாகத் தேய்த்து அவன் ஏழைப் பிடித்துக்கொண்டான். முதல் முறை விசில் மெட்டு மட்டும். இரண்டாம் முறை அதன்மேல் ஒரு சங்கதி. மூன்றாம் முறைதான் என் விரல்கள் கொஞ்சம் ஓடின. மெட்டு தொடங்கிய உடனேயே அம்மா கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மாணவ நண்பர்களே, பயிற்சியை விட்டுவிடாதீர்கள். தினமும் மெட்ரோனோம் போட்டு வாசியுங்கள். ஏழையும் ஒன்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் அந்த விசில் ஏழில் இருந்ததை நான் ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். ஆனால் ஒரு பாட்டைக் கட்டி முடித்ததும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாத்தியங்களை எல்லாம் நிறுத்திவிட்டு இதை வாயால் முணுமுணுக்க முடிகிறதா? இந்தக் கடினமான பகுதியை எடுத்துவிட்டால் பாட்டு எதையாவது இழக்கிறதா, அல்லது நான் மட்டும்தான் இழக்கிறேனா? இந்தப் பாட்டு யாருக்காக எழுதப்பட்டதோ, அவருக்கு இது கேட்குமா?

அன்று அம்மா கேட்டது மூன்றாவது கேள்வி. மேடை ஏறும் முன்பே நான் அதைக் கேட்டிருந்தால், ஏழு மாத நட்பை இழந்திருக்க மாட்டேன்.